எட்டு மாதக் குழந்தைக்கு மாதாமாதம் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. நம்ம ஊரில் இது சகஜம்தானா?

தல்லாகுளம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு மாதம். ஆறாவது மாதம் வரை பெரிதாக ஒன்றுமே இல்லை, தடுப்பூசி போட்ட அன்று லேசாக உடம்பு சுட்டதோடு சரி. அதற்கப்புறம் ஆரம்பித்தது, இன்னும் நின்றபாடில்லை. மூக்கு ஒழுகும், இருமல் வரும், ஒரு வழியாகச் சரியாகும், கொஞ்ச நாள் நிம்மதி, திரும்ப மூக்கு ஒழுகும். நடுவில் ஒரு தடவை தண்ணீராகப் பேதி. போன மாதம் மூன்று நாள் நல்ல காய்ச்சல், வேறு எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் நெஞ்சு, முதுகெல்லாம் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. அம்மை என்று சொல்லி வீட்டில் வேப்பிலை கட்டும் வரை போய்விட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு "வைரல்தான், தானாகப் போய்விடும்" என்றார். எது வந்தாலும் அவர் சொல்வது அதுதான். தானாகப் போய்விடும் என்றால் எதற்கு நாலு பாட்டில் மருந்து எழுதுகிறார் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

மூத்தவன் எல்கேஜி போகிறான். அவன்தான் எல்லாவற்றையும் கொண்டு வருகிறான் என்பது என் சந்தேகம், ஆனால் அவனை எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைப்பது? மாமியார் சொல்வது வேறு: நான் தயிர் சாப்பிடுவதாலும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பால் கொடுப்பதாலும்தான் பிள்ளைக்குச் சளி பிடிக்கிறதாம். நாத்தனார் நெதர்லாந்தில் இருக்கிறார். அவர் பிள்ளைக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான் இந்தத் தொல்லை, மற்ற மாதங்களில் ஜம்மென்று இருக்கிறான் என்கிறார். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

என் கேள்வி இதுதான். நம்மைப் போல வெயில் ஊர்களில் கைக்குழந்தைகளுக்கு இவ்வளவு வைரஸ் வருவது வழக்கமா, இல்லை என் மகளுக்கு எதிர்ப்புச் சக்தியில் ஏதாவது குறையா? எப்போது பயப்பட வேண்டும், எப்போது சும்மா இருக்கலாம்?


வடாற்காடு_டாக்டர்:

அம்மா, நான் குழந்தைநல மருத்துவர். நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. வீட்டில் பள்ளி போகும் அண்ணனோ அக்காவோ இருந்தால் பத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை வாரம் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு எப்போதும் சளி என்றுதான் பெற்றவர்களுக்குத் தோன்றும். எடை ஏறுகிறது, நடுவில் சிரித்து விளையாடுகிறாள் என்றால் எதிர்ப்புச் சக்தியில் குறை என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தக் குறை உண்மையிலேயே இருக்கும் குழந்தைகளின் கதை வேறு மாதிரி இருக்கும்: எடை நிற்கும், நிமோனியா திரும்பத் திரும்ப வரும், வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறாது, ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி ஏற்றினால்தான் அடங்கும் தொற்றுகள் வரும்.

ஆறாவது மாதத்துக்குப் பிறகு ஆரம்பித்தது என்கிறீர்கள் பாருங்கள், அது தற்செயல் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உங்கள் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக அவளுக்குப் போன எதிர்ப்பொருள்கள் மாதம் ஏற ஏறக் கரைந்து, ஆறு மாத வாக்கில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவளுடைய சொந்தச் சரக்கு இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. அதே நேரத்தில்தான் தவழ ஆரம்பித்து, கண்டதையும் வாயில் வைக்கிறாள். மூன்று நாள் காய்ச்சல், அது விட்டதும் தடிப்பு என்று நீங்கள் சொன்னது ரோசியோலா போலத்தான் இருக்கிறது. ஹெச்ஹெச்வி-6 என்ற வைரஸ். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அதைச் சந்தித்துவிடுகின்றன. தட்டம்மையில் தடிப்பு வரும்போது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும், இதில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் தடிப்பு வரும். வேப்பிலையால் கெடுதல் இல்லை, அது இல்லாவிட்டாலும் சரியாகியிருக்கும்.

இப்போது நாத்தனார் விஷயம். சளியின் எண்ணிக்கையில் நெதர்லாந்துக்கும் மதுரைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நினைக்காதீர்கள். அங்கே காப்பகத்துக்குப் போகும் குழந்தையும் இதே அளவு மூக்கு ஒழுகத்தான் செய்கிறது. அங்கே அது சில மாதங்களில் குவிந்து வருகிறது, இங்கே வருடம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குளிர் நாடுகளில் குளிர்கால நோய். நம் பக்கம் அதற்குச் சீசன் என்று பெரிதாக இல்லை, எல்லா மாதமும் இருக்கும். ஃபுளூ டெல்லியில் தென்மேற்குப் பருவமழையோடு ஏறும், சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறும். ஆர்எஸ்வி என்ற நுரையீரல் வைரஸும் வெப்ப நாடுகள் பலவற்றில் மழையைப் பின்தொடர்ந்துதான் வருகிறது.

உண்மையான வித்தியாசம் எந்த வயதில் முதல் தொற்று வருகிறது என்பதில்தான் இருக்கிறது. இதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சி எதற்கு, நம் வேலூரிலேயே இருக்கிறது. அங்கே நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்து, 373 பேரை மூன்று வயது வரை விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியிருந்தது. பாதிக்கு மேல்! அதில் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை, வீட்டுக்கு வந்து மலத்தை வாங்கிப் பரிசோதித்ததால்தான் தெரிந்தது. நீங்கள் கவனித்த நோய்கள் போக, கவனிக்காமலே வந்து போனவையும் உங்கள் மகளுக்கு இருக்கும்.

வயது ஏன் முக்கியம்? ஆர்எஸ்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், லண்டனோ லால்குடியோ, அது ஒரு முறையாவது வந்துவிடும். 2019-க்கான கணக்குப்படி உலகில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சுமார் 1 லட்சம் குழந்தைகள் அதனால் இறந்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆறு மாதம் நிரம்பாதவர்கள். அந்த மரணங்களில் 97 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். வைரஸ் ஒன்றேதான். குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, அடுப்புப் புகை, நேரத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காத ஆஸ்பத்திரி, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. பணக்கார நாடுகளில் கைக்குழந்தைக்கு இதற்கென்று ஒரு எதிர்ப்பொருள் ஊசி வந்துவிட்டது, ஐரோப்பாவில் 2022-லும் அமெரிக்காவில் 2023-லும் அனுமதி கொடுத்தார்கள். கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் வந்திருக்கிறது. நாத்தனார் ஊருக்கும் நம் ஊருக்கும் வித்தியாசம் தேட வேண்டுமென்றால் இங்கே தேடலாம்.

எப்போது ஓட வேண்டும் என்பதற்கு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4, காய்ச்சல் இருந்தாலே அன்றே, அந்த நேரமே டாக்டரிடம் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அவளுக்குக் காய்ச்சலின் அளவைவிட மூச்சும் பாலும்தான் முக்கியம். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகுகிறாளா, உதடு நீலமாகிறதா, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லையா, ஆறேழு மணி நேரமாக டயபர் நனையவில்லையா, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடக்கிறாளா, வலிப்பு வந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் காய்ச்சல் மூன்றாவது நாளும் விடவில்லை என்றால் ஒருமுறை காட்டுங்கள்.


வாலு_ரெண்டு_அப்பா:

டாக்டர் சார் சொன்னதெல்லாம் சரி, அந்த நாலு பாட்டிலைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை பார்த்தீர்களா :) நான் சொல்கிறேன். கோயம்புத்தூரில் எனக்கு இரண்டு வாலுகள், மூத்தது பெண், அடுத்தது பையன், இருவருக்கும் நடுவில் ஒன்றரை வருஷம்தான். ஒரு காலத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் பால் பாக்கெட்டைவிட மருந்து பாட்டில்தான் அதிகம்.

ஒவ்வொரு முறையும் சளி மருந்து ஒன்று, இருமல் மருந்து ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது, இது எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் க்ளினிக்கில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அதை விளக்கிச் சொல்ல எந்த டாக்டருக்கும் நேரமில்லை, எழுதாமல் விட்டால் "அந்த டாக்டர் ஒன்றுமே தரவில்லை" என்று அடுத்த தெரு டாக்டரிடம் போவதும் நாம்தான்.

இருமல் மருந்து விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. அப்புறமும் நடந்ததைப் பாருங்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சாதாரணச் சளிக்கு இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. தயாரித்த இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். வந்தது பெரும்பாலும் தானாகப் போகிற சளி, போனது உயிர். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று அதன் பிறகு மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம் மறுபடியும் அறிவுறுத்தியது.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது பாராசிட்டமால், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, ஓஆர்எஸ் பொட்டலம், தெர்மாமீட்டர், அவ்வளவே. பாராசிட்டமால்கூட எடைக்கு ஏற்றபடி டாக்டர் சொன்ன அளவுதான். ஒரே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் இருக்கும், இரண்டின் அடர்த்தி வேறு, பாட்டில் மாறினால் அளவும் மாறும். கடைக்காரரிடம் "அதேதான் சார்" என்ற பதில் வந்தாலும் லேபிளைப் படியுங்கள்.

மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தாதீர்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றி, அப்புறம் தங்கச்சியைத் தொடச் சொல்லுங்கள். முகத்தில் முத்தம் வேண்டாம், காலில் கொடுக்கட்டும். முழுசாகத் தடுக்க முடியாது, ஆனால் குறையும்.


பழைய_நர்சம்மா:

கண்ணு, நான் ஈரோடு பக்கம் கிராம சுகாதார நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். மாமியாரோடு சண்டை போடாதே, அவர் பிள்ளை மேல் உள்ள ஆசையில் சொல்கிறார். நீ தயிர் சாப்பிட்டால் பால் குளிர்ந்துபோய்ப் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. சளி வைரஸ் மூக்கிலிருந்தும் கையிலிருந்தும்தான் வரும். பாலில் உன் எதிர்ப்பொருள்தான் போகிறது, அதிலும் நீ பிடித்த அதே சளிக்கான எதிர்ப்பொருள் போகிறது. உனக்கே காய்ச்சல் என்றாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பால் கொடு. நிறுத்தாதே.

நீ எழுதாமல் விட்டது ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவார்களா? வாயால் ஊதிச் சளி எடுப்பார்களா? தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார்களா? மூக்கிலும் தொண்டையிலும் விடுகிற எண்ணெய் வயிற்றுக்கு மட்டும் போகாது, நுரையீரலுக்கும் இறங்கும். அங்கே போய்த் தங்கினால் எண்ணெய் நிமோனியா. படம் எடுத்துப் பார்த்தாலும் முதலில் பிடிபடாது, வாரக்கணக்கில் இருமும். நான் வேலை பார்த்த காலத்தில் வைரஸால் மோசமான பிள்ளைகளுக்குச் சமமாக இந்த மாதிரிக் கைவைத்தியத்தால் மோசமான பிள்ளைகளையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன் என்று தோன்றும், அவ்வளவு பார்த்தாயிற்று.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது இன்னொன்று. கற்பூரம் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரும், தோல் வழியாகவும் ஏறும், கை பட்டு வாய்க்கும் போகும். குளித்ததும் சாம்பிராணி போடுவது வாசனையாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனால் ஏற்கெனவே மூச்சுக்குழல் வீங்கியிருக்கும் பிள்ளைக்கு அது சாதாரண அடுப்புப் புகைக்குச் சமம். தலை துவட்ட நல்ல துண்டு போதும். தேன் ஒரு வயசு வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும், உள்ளே கொடுக்க வேண்டாம்.

பேதி வந்தால் "பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும்" என்று விட்டுவிடாதே. பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தமில்லை. அந்த வயதில் இரண்டும் ஒன்றாக வருவதால் வந்த பேச்சு அது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரை. அரைப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கணக்குப் போட்டால் உப்பு ஏறிவிடும். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, பாலாடையிலோ ஸ்பூனிலோ மெதுவாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பி. கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் சும்மாவே தருவார்கள். கடையில் டப்பாவில் கலர் கலராக வரும் இனிப்புத் தண்ணீர் ஓஆர்எஸ் இல்லை. அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தியது. பால், கஞ்சி, பருப்புச் சாதம் எதையும் நிறுத்தாதே.


வடமராட்சிப்_பிள்ளை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணப் பக்கம். மற்றவர்கள் சளியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் டெங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாரி முடியும் மார்கழி, தை மாதங்களில் காய்ச்சல் என்றாலே முதல் நினைப்பு அதுதான். 2017-ல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு இங்கே எந்தத் தாயும் காய்ச்சலை "வைரல்தானே" என்று விடுவதில்லை.

கைக்குழந்தைக்கு இதில் ஒரு விசேஷமான ஆபத்து இருக்கிறது. டெங்கில் நான்கு வகை இருக்கின்றன. முன்பு டெங்கு வந்த தாயின் எதிர்ப்பொருள் பிள்ளைக்கும் போகும். முதல் சில மாதம் அது காக்கும். ஆனால் அது கரைந்து அரைகுறையாக நிற்கும்போது, கிட்டத்தட்ட ஆறு முதல் ஒன்பது மாதத்தில், அதே எதிர்ப்பொருள் வைரஸை அழிக்கப் போதாமல், அதை ரத்த அணுக்களுக்குள் இலகுவாக ஏற்றிவிடும் வேலையைச் செய்துவிடுமாம். பாங்கொக்கில் ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1960-களிலேயே இதைக் கவனித்தார்கள்: ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் பெரும்பாலும் இரண்டாவது முறை டெங்கு வருபவர்களுக்குத்தான் கடுமையாகும், ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதல் முறையிலேயே கடுமையானது. உங்கள் மகள் சரியாக அந்த வயதில் இருக்கிறாள். பயமுறுத்தச் சொல்லவில்லை. சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இரண்டு நாள் நின்றால் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைக்கிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்கில் கவனமான நேரம்: கை கால் குளிர்வது, விடாத வாந்தி, வயிறு வீங்குவது, சிறுநீர் குறைவது, முரசில் (ஈறில்) ரத்தம். காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) மட்டும். இபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் வேண்டவே வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

கொசுவலைக்குள் பகலிலும் படுக்க வையுங்கள். டெங்கு நுளம்பு (கொசு) பகலில்தான் கடிக்கும்.


சந்தேகப்_பேர்வழி:

எல்லாம் சரி. டாக்டர் கொடுத்த வேலூர்க் கணக்கைப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. பாதிக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் ரோட்டா வந்து, பலருக்கு அறிகுறிகூட இல்லை என்றால், இயற்கையே தடுப்பூசி போட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்புறம் எதற்கு ரோட்டா சொட்டு மருந்து? நம் குழந்தைகள் இத்தனை கிருமியோடு வளர்வதால் திடமாகத்தான் இருக்கிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் கண்ணாடிப் பாத்திரம்.


வடாற்காடு_டாக்டர்:

நல்ல கேள்வி. அந்த ஆய்வு இதைக் கேட்கத்தான் செய்யப்பட்டது. அதற்கு முன்பு 1996-ல் மெக்சிகோவில் இதே போன்ற ஆய்வு. அங்கே இரண்டு முறை ரோட்டா வந்த குழந்தைகளுக்கு அடுத்து மிதமான ரோட்டா பேதியோ கடுமையான பேதியோ வரவேயில்லை. நீங்கள் சொல்வது மெக்சிகோவுக்குப் பொருந்தும். வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இங்கே முதல் தொற்று சீக்கிரம் வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொன்றும் விட்டுப்போகும் பாதுகாப்பு குறைவு. அதாவது இயற்கைத் தடுப்பூசி நம் ஊரில்தான் மட்டமாக வேலை செய்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. சொட்டு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டாவால் மட்டும் இறந்ததாகக் கணக்கு. திடமாக வளர்ந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம், மற்றவர்கள் கண்ணில் படுவதில்லை.

உங்கள் வாதத்தில் உண்மையான ஒரு பங்கு இருக்கிறது, அதைத்தான் விஞ்ஞானிகள் பயன்படுத்தினார்கள். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியும் பேதி வரவில்லை. அவர்களிடமிருந்து எடுத்த 116ஈ என்ற வைரஸ் வகையிலிருந்துதான், குழந்தைநல மருத்துவர் மகராஜ் கிஷன் பான் முன்னின்று நடத்திய நீண்ட உழைப்பில், ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்து வந்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் சோதித்தார்கள். முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம் தடுத்தது. 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நான்கு மாநிலங்களில் ஆரம்பம், தமிழ்நாட்டில் 2017. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் வாயில் கொடுப்பது.

56 தானா என்பீர்கள். பணக்கார நாடுகளில் ரோட்டா தடுப்பு மருந்து 85, 90 என்று நிற்கிறது, வெப்ப நாடுகளில் எந்தக் கம்பெனி மருந்தானாலும் இறங்கிவிடுகிறது. காரணம் மருந்தின் தரம் இல்லை. குடலில் ஏற்கெனவே வேறு வைரஸ்கள் இடம் பிடித்திருப்பது, தாயின் எதிர்ப்பொருள் அதிகம் இருப்பது, குடல் சுவரே தொற்றுகளால் நைந்திருப்பது என்று பலவற்றைச் சொல்கிறார்கள். இது புதிதும் இல்லை. போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தும் வேலூர்க் குழந்தைகளில் பலருக்குப் போதிய எதிர்ப்பொருள் உண்டாகவில்லை என்று அங்குள்ள சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் 1970-களில் சொன்னபோது பலர் நம்பவில்லை, மருந்தைக் குளிரூட்டி வைத்திருக்க மாட்டீர்கள் என்றார்கள். பின்னால் அவர் சொன்னதே சரியானது. அதனால்தான் நம் நாட்டில் ஆண்டுக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாவற்றிலும் மேசை போட்டு, மூன்றோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டி வந்தது. 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் ஒரு சிறுமி, அதுதான் இந்தியாவில் காட்டுப் போலியோவின் (இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸின்) கடைசி நோயாளி. நோய் அதிகம் இருக்கும் இடத்தில் 56 சதவீதம் தடுப்பது, நோய் குறைந்த இடத்தில் 90 சதவீதம் தடுப்பதைவிட அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றும்.


தல்லாகுளம்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நர்சம்மா, நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள், மூக்கில் எண்ணெய் விடுவது உண்டு. உங்கள் பதிலை மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். சாம்பிராணியை மட்டும் விட மாட்டேன் என்கிறார், பேச்சுவார்த்தை நடக்கிறது. வடமராட்சி அக்கா, கொசுவலை இரவு மட்டும்தான் கட்டினோம், இன்றிலிருந்து பகலிலும்.

இன்னும் இரண்டு கேள்வி. டாக்டர் சார், மூச்சு வேகமா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? சளி பிடித்தால் எப்போதும் கர்புர் என்றுதான் இருக்கிறாள். அப்புறம் அடுத்த மாதம் ஒன்பது மாத ஊசி. அப்போதும் மூக்கு ஒழுகினால் (ஒழுகத்தான் போகிறது) போடலாமா, தள்ளிப்போட வேண்டுமா?


வடாற்காடு_டாக்டர்:

கர்புர் சத்தம் பெரும்பாலும் மூக்கிலிருந்து வருவது, அதை விடுங்கள். உப்புநீர்ச் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் குறைந்திருக்கும். மூச்சை எண்ண வேண்டும். அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகவோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், குழந்தைகள் சீராக மூச்சு விடுவதில்லை. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகம். இரண்டு மாதத்துக்குக் கீழே 60. வேகம் என்று வந்தால் அன்றே காட்டுங்கள், கூடவே குழியும் விழுந்தால் நேராக ஆஸ்பத்திரி. அவள் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எண்ணிப் பழகி வையுங்கள்.

ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். மூக்கு ஒழுகுவதும் லேசான இருமலும் தடை இல்லை, கடும் காய்ச்சலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலையோ இருந்தால் மட்டும் சில நாள் தள்ளலாம். சளி இல்லாத நாளில் போடுவோம் என்று காத்திருந்து ஒன்றரை வயதில் தட்டம்மையோடு வரும் குழந்தைகள் உண்டு. நாத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள், நெதர்லாந்தில் முதல் தட்டம்மை ஊசி பதினான்காவது மாதத்தில்தான். அங்கே தட்டம்மை அரிது, தாயின் எதிர்ப்பொருள் முழுதாகக் கரையும் வரை காத்திருந்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும், அதனால் காத்திருக்கிறார்கள். இங்கே அதுவரை வைரஸ் காத்திருக்காது என்பதால் கொஞ்சம் குறைவாகப் பிடித்தாலும் பரவாயில்லை என்று ஒன்பதாவது மாதமே போட்டுவிட்டு, ஒன்றரை வயதை ஒட்டி இரண்டாவது தவணையில் சரிக்கட்டுகிறோம். அதனால் அந்த இரண்டாவதையும் மறக்காதீர்கள். ஒன்பது மாத வருகையில் தட்டம்மை-ரூபெல்லாவோடு போலியோ ஊசியின் மூன்றாம் தவணையும் வைட்டமின் ஏ-வும் உண்டு, சில மாவட்டங்களில் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ஃபுளூ ஊசி அரசுத் திட்டத்தில் இல்லை, ஆறு மாதத்துக்கு மேல் போடலாம், முதல் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. மழைக்காலத்துக்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.